பொட்டு வச்சனியா?

சின்னவனை மண்ணில் வைத்துவிட்டு வந்த அன்று பின்னேரம், அக்கா பள்ளிக்கூட வகுப்பறை ஒன்றின் மூலையில் சுவரோடு சாய்ந்து இருந்தார். வாங்குகளை ஒரு பக்கமாக அடுக்கிவிட்டு நடுவில் பாய் விரித்திருந்தார்கள். ஒரு வகுப்பறைக்குள் ஐந்து குடும்பம். எங்களுக்கு ஒன்றுவிட்ட பெரியம்மா ஒருவர் உள்ளே வந்தார். அக்காவைக் கட்டிப்பிடித்து அழுதார். மூக்கைச் சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு கேட்டார்: "அண்டைக்குக் காலமை பிள்ளைக்குப் பொட்டு வச்சனியா?"

அக்கா ஒன்றும் சொல்லவில்லை. அவருடைய வலது கை மட்டும் தானாக எழும்பி, தன் கன்னத்தைத் தொட்டுவிட்டு மடியில் விழுந்தது.

2004 டிசம்பர் 26. ஞாயிற்றுக்கிழமை, போயா என்கிற பௌர்ணமி விடுமுறை நாள். திருகோணமலை அலஸ்தோட்டத்தில் எங்கள் வீட்டுக்கும் கடற்கரைக்கும் கூப்பிடு தூரம். அத்தானோடு போய்க் கரைவலை இழுக்கிறதைப் பார்க்கவேண்டும் என்று சின்னவன் விடியவே எழும்பிவிட்டான். ஆறு வயது. கன்னத்துக் கறுத்தப் பொட்டை வகுப்புப் பெடியன்கள் பகிடி பண்ணுகிறார்கள் என்று அந்த மாதம் முழுக்க அதை வைக்க விடாமல் அடம்பிடித்துக்கொண்டிருந்தான். சரி, இன்றைக்கு லீவுதானே என்று அக்காவும் விட்டுவிட்டார். ஒன்பது மணிக்குக் கிட்டக் கடல் வந்தது. அத்தான் ஒரு தென்னையைப் பிடித்துத் தப்பினார். பிள்ளையின் கை அவருடைய கையிலிருந்து போய்விட்டது. மறுநாள் மத்தியானம், உள்ளே ஒரு வளவின் கம்பி வேலியோரம் அவனைக் கண்டெடுத்தோம். அந்த நாளைப் பற்றி இதற்கு மேல் எழுத எனக்கு மனமில்லை. அதற்குப் பிறகு எங்களுக்குச் சொல்லப்பட்ட காரணங்களைப் பற்றித்தான் எழுத வந்தேன்.

பெரியம்மா கெட்டவர் இல்லை. அந்தக் கிழமை எங்களுக்குச் சாறமும் சேலையும் சேர்த்துக் கொண்டுவந்து தந்தவரே அவர்தான். ஆனால் அந்த ஒரு கேள்வியை அக்கா வருடக்கணக்காகச் சுமந்தார். 2006இல் மகள் பிறந்தாள். அவளுக்கு நெற்றியில் ஒரு பொட்டு, கன்னத்தில் ஒன்று, உள்ளங்காலில் ஒன்று. ஒருநாள் இரவு நான் அங்கே தங்கியிருந்தேன். இரண்டு மணி இருக்கும், அறைக்குள் வெளிச்சம் தெரிந்தது. எட்டிப் பார்த்தால், நித்திரையில் கிடந்த குழந்தையின் முகத்துக்கு நேரே அக்கா டோர்ச் பிடித்துக்கொண்டு நிற்கிறார். தலையணையில் உரசிப் பொட்டு அழிந்துவிட்டதா என்று பார்க்கிறாராம். அழிந்திருந்தது. கண்ணாடியடித் தட்டிலிருந்து பொட்டுக் குப்பியை எடுத்து, ஈர்க்கில் நுனியால் தொட்டு வைத்தார். கை நடுங்கியதால் பொட்டு நீண்டுபோய்விட்டது. துடைத்துவிட்டுத் திரும்ப வைத்தார்.

அந்தப் பொட்டு எத்தனையோ தலைமுறையாக எங்கள் தாய்மார் பிள்ளைக்கு வைத்துவரும் அன்பு. எனக்கு அதில் குறை ஒன்றுமில்லை. வைக்காமல் விட்டதுதான் சாவுக்குக் காரணம் என்று அதையே ஒரு தாயின் மேல் திருப்பினார்களே, அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

அந்த ஒரு மாதத்துக்குள் எங்கள் காதில் விழாத காரணம் இல்லை. போயா நாளில் கடலில் வலை போட்ட பாவம் என்றார் ஒருவர். முற்பிறப்புக் கணக்கு என்றார் இன்னொருவர். சாதகத்தை வாங்கிப் பார்த்தவர், தாய்க்குப் புத்திர தோஷம் இருக்கிறது, முதலே காட்டியிருந்தால் பரிகாரம் செய்திருக்கலாம் என்றார். மனிதர் கெட்டுப்போனார்கள், இது கடைசிக் காலத்தின் அடையாளம் என்று ஒரு போதகர் முகாமுக்கே வந்து சொல்லிவிட்டுப் போனார். களுத்துறைக் கடலில் அலை திரும்பும்போது நுரை அல்லாஹ்வின் பெயரை எழுதியிருக்கிறது என்று ஒரு செய்மதிப் படம் கைக்குக் கை மாறியது. மாத்தறையில் பூசை நடந்துகொண்டிருந்த கோயிலுக்குள் கடல் புகுந்து மாதா சிலையைக் கொண்டுபோனதும், பிறகு அது கிடைத்ததும் பெரிய புதுமையாகப் பேசப்பட்டது. சிலை கிடைத்ததில் எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் அதே பூசைக்கு வந்து இறந்துபோனவர்களின் வீட்டில் இந்தப் புதுமையை எந்த வாயால் சொல்வது?

எல்லாவற்றிலும் அன்பாகச் சொல்லப்பட்டது இதுதான்: "நல்ல பிள்ளையளைத்தான் ஆண்டவன் வேளைக்குக் கூப்பிடுவான்." முகாமில் ஒரு நாளைக்குப் பத்துப் பேராவது இதைச் சொல்லியிருப்பார்கள். என் மகளுக்கு அப்போது ஏழு வயது. சின்னவனோடு ஒன்றாக வளர்ந்தவள். ஒரு இரவு பாயில் படுத்திருந்தபடி என்னிடம் கேட்டாள்: "அப்பா, அப்ப நான் குழப்படி செய்துகொண்டே இருந்தா சாகமாட்டனா?" நான் அவளை இழுத்து அணைத்துக்கொண்டேன். பதில் சொல்லத் தெரியவில்லை. இது சாவைப் பற்றி நாங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிற பாடமா என்று அன்றைக்குத்தான் எனக்குள் கேள்வி எழும்பியது.

முற்பிறப்புக் கணக்கை எடுத்துப் பார்ப்போம். இலங்கையில் மட்டும் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் அந்த ஒரே காலையில் இறந்தார்கள். அவர்களில் பெண்களும் பிள்ளைகளும்தான் கூட. ஏன் கூட என்பதற்குக் கரையோரத்தில் எவரைக் கேட்டாலும் விடை கிடைக்கும். ஆண்களுக்கு நீந்தத் தெரியும், மரம் ஏறத் தெரியும். எங்கள் பெண்களை நாங்கள் கடலில் இறங்கவிட்டதில்லை. காலைச் சுற்றிய சேலை, இடுப்பில் ஒரு பிள்ளை, கையில் ஒரு பிள்ளை. பிள்ளையை விட்டுவிட்டு ஓடவும் மாட்டார்கள். இதைப் பார்த்துவிட்டும் கர்மா என்று சொன்னால், பெண்களும் குழந்தைகளும்தான் கூடப் பாவம் செய்தவர்கள் என்று ஆகிறது. அதை வாய்விட்டுச் சொல்ல எவருக்கும் துணிவில்லை. கர்மா என்று மட்டும் சொல்லிவிட்டு மிச்சத்தைக் கேட்பவரிடம் விட்டுவிடுகிறோம். கேட்பவர் அதை முழுசாகக் கட்டிக்கொள்கிறார்.

ஏன் சொல்கிறார்கள் என்று நான் கன நாள் யோசித்திருக்கிறேன். பயம்தான் என்று படுகிறது. அக்கா பொட்டு வைக்கவில்லை, அதனால் பிள்ளை போய்விட்டான் என்றால், பொட்டு வைத்த என் பிள்ளைக்கு ஒன்றும் வராது. அவர்களுக்குத் தோஷம், எனக்கு இல்லை. காரணத்தைச் சொல்லிவிட்டுப் போகிறவர் அன்றிரவு கொஞ்சம் நிம்மதியாகப் படுப்பார். அந்த நிம்மதிக்கான விலையைச் செத்தவீட்டுக்காரர் கொடுக்கிறார். பெரியம்மாவுக்கும் பேரப்பிள்ளைகள் இருந்தார்கள். அந்தக் கேள்வியைக் கேட்டபோது அவர் அக்காவைப் பார்த்திருக்கமாட்டார், அவர்களைத்தான் மனதில் பார்த்துக்கொண்டிருந்திருப்பார். இது விளங்கிய பிறகு அவர்மேல் எனக்கிருந்த கோபம் போய்விட்டது.

எங்கள் கிழக்கில் கண்ணகியம்மனை மறந்த ஊர் குறைவு. வைகாசியில் கதவு திறந்து, சடங்கு செய்து, குளிர்த்தி பாடி அவளுடைய கோபத்தை ஆற்றுகிறோம். அவளுடைய கதையிலும் இந்தக் காரணம் சொல்லும் இடம் வருகிறது. கணவன் வெட்டுப்பட்டு, மதுரை எரிந்த பிறகு, மதுராபதித் தெய்வம் வந்து கண்ணகிக்குப் பழங்கதை சொல்லும். கோவலன் முற்பிறப்பில் கலிங்க நாட்டில் பரதன் என்ற பெயரோடு இருந்தான், சங்கமன் என்ற வணிகனை ஒற்றன் என்று பொய்யாகக் காட்டிக்கொடுத்துக் கொல்லவைத்தான், அவன் மனைவி நீலி இட்ட சாபம்தான் இப்போது பலித்தது என்று. சிலப்பதிகாரம் ஊழ்வினையைச் சொல்ல வந்த காப்பியம் என்றே படித்தோம்.

ஆனால் அந்தத் தெய்வம் வருவதற்கு முன்பு ஒரு மனிதன் பேசுகிறான். சிலம்பு உடைந்து மாணிக்கம் தெறித்ததும் பாண்டியன் "யானோ அரசன் யானே கள்வன்" என்கிறான். அது கோவலனின் விதி என்று அவன் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. விசாரிக்காமல் கொன்றது நான் என்றான். அந்தக் காப்பியத்தில் கண்ணகிக்குக் கிடைத்த ஒரே நீதி அந்த வாக்கியம்தான் என்று நான் நினைக்கிறேன். பரதன் கதை முன்னுக்கு வந்திருந்தால், பாண்டியன் வாய் திறக்கவேண்டிய தேவையே இருந்திருக்காது.

எங்கள் கோட்டை வாசலிலும் இதே சங்கதிதான். கோணேசர் கோயிலுக்கு ஏறுகிற எவரும் பிரெட்ரிக் கோட்டை வாசலைத் தாண்டித்தான் போகவேண்டும். அங்கே கயல் சின்னத்தோடு சிதைந்த தமிழ்க் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. முன்னே குளக்கோட்டன் என்ற மன்னன் செய்த திருப்பணியைப் பின்னே பறங்கி பிரிப்பான் என்று முன்கூட்டியே எழுதி வைத்த கல் அது என்று அப்பு எனக்குக் காட்டித் தந்தார். சின்ன வயதில் மெய்சிலிர்த்தது. 1622இல் போர்த்துக்கீசர் கோயிலை இடித்தார்கள், இடித்த கல்லைக் கொண்டே கோட்டை கட்டினார்கள். செய்தவன் யார், எதற்குச் செய்தான் என்று தெரிந்த காரியம். அதையும் எழுதிவைத்த விதி என்று பாடுகிறபோது பறங்கி வெறும் கருவியாகிவிடுகிறான். போர்க்காலத்தில் பிள்ளைகள் காணாமல் ஆக்கப்பட்ட தாய்மாரிடமும் "விதி, என்ன செய்யிறது" என்றுதான் ஊர் சொல்கிறது. படத்தைக் கையில் வைத்துக்கொண்டு வெயிலில் இருக்கும் அந்தத் தாய்மார் அதை ஏற்பதில்லை. அவர்கள் விதியிடம் கேட்கவில்லை. பிள்ளையைக் கொண்டுபோனவர்களிடம் கேட்கிறார்கள்.

நல்ல நோக்கத்தோடு சொன்னாலும் காரணம் பிழைக்கும். 1934 ஜனவரி 15 அன்று பீகாரிலும் நேபாளத்திலும் பெரிய நிலநடுக்கம் வந்தது. பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். தீண்டாமைக்கு எதிராகத் தமிழ்நாட்டில் சுற்றுப்பயணம் செய்துகொண்டிருந்த காந்தி, அந்த மாதமே திருநெல்வேலியில் பேசும்போது, இது தீண்டாமைப் பாவத்துக்குக் கடவுள் தந்த தண்டனை என்றார். தாகூருக்கும் தீண்டாமை ஆகாது. இருந்தும், இயற்கை அழிவுக்கு இயற்கையில்தான் காரணம் உண்டு என்று மறுத்து எழுதினார். காந்தி அந்த மறுப்பைத் தன்னுடைய ஹரிஜன் இதழிலேயே போட்டார், தன் கருத்தையும் விடவில்லை. இருவர் மேலும் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் இடிந்து விழுந்த சுவர்களுக்கு அடியில் தீண்டப்படாதவர் என்று ஒதுக்கப்பட்டவர்களும்தானே கிடந்தார்கள்? அவர்களை யார் செய்த பாவத்துக்காகத் தண்டித்தது?

அன்று நடந்ததைச் சொல்ல ஒரு பத்தி போதும். காலை எங்கள் நேரப்படி 6.59க்கு, சுமத்ராவின் மேற்குக் கரைக்கு அப்பால், ஒன்றின் கீழ் ஒன்று நெருக்கிக்கொண்டிருந்த இரண்டு நிலத்தட்டுகள் பிய்த்துக்கொண்டு நழுவின. 1,200 கிலோமீற்றருக்கும் மேலான நீளத்துக்கு அந்தப் பிளவு ஓடியது. கடலடி எழும்பியது, அதன் மேலிருந்த தண்ணீரும் எழும்பியது, எழும்பிய தண்ணீர் இரண்டு பக்கமும் ஓடியது. பசிபிக் சமுத்திரத்தில் இதைக் கவனித்து எச்சரிக்க 1949இலிருந்து ஒரு நிலையம் இருக்கிறது. எங்கள் சமுத்திரத்துக்கு அப்படி ஒன்று இருக்கவில்லை. அந்தக் காலை வரை எங்கள் வீட்டில் எவருக்கும் சுனாமி என்ற சொல்லே தெரியாது.

அதே சுமத்ராவுக்குப் பக்கத்தில், பிளவுக்கு மிகக் கிட்ட, சிமெலுவே என்று ஒரு தீவு. ஏறத்தாழ 78,000 பேர் வாழ்ந்தார்கள். இறந்தவர்கள் ஏழு பேர். 1907இல் அங்கே ஒரு அலை வந்து நிறையப் பேரைக் கொண்டுபோயிருக்கிறது. அதற்கு அவர்கள் ஸ்மோங் என்று பெயர் வைத்தார்கள். நிலம் பலமாக ஆடி, கடல் வற்றினால் மலைக்கு ஓடு என்று பாட்டாகவும் கதையாகவும் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லி வந்தார்கள். எழுத்தறியாத பாட்டிகள் சொன்ன கதை ஒரு தீவைக் காப்பாற்றியது. நாட்டார் வழக்கு என்றாலே மூடநம்பிக்கை என்று தள்ளுகிறவர்களோடு நான் சேராததற்கு இதுதான் காரணம். 1907இன் அலையை யாருடைய பாவத்துக்கு அனுப்பினார்கள் என்று சொல்லிக்கொண்டிருந்திருந்தால், அந்தப் பேரப்பிள்ளைகளும் எங்களைப் போலக் கரையில்தான் நின்றிருப்பார்கள்.

நான் இன்றைக்கும் வெள்ளிக்கிழமைகளில் கோணேசர் கோயிலுக்குப் போகிறேன். மலையுச்சியில் நின்று கீழே அந்தக் கடலைப் பார்க்கிறேன். கும்பிடுகிறேன். கணக்குப் புத்தகம் வைத்துக்கொண்டு ஆறு வயதுப் பிள்ளையிடம் கடன் வசூலிக்கிற ஒருவரை என்னால் கும்பிட முடியாது, அவ்வளவுதான்.

முகாமில் அக்காவுக்கு உதவியவர் கிண்ணியாப் பக்கத்து முஸ்லிம் பெண் ஒருவர். ராத்தா என்றுதான் கூப்பிட்டோம். தங்கச்சியையும் தங்கச்சியின் இரண்டு பிள்ளைகளையும் கடலுக்குக் கொடுத்துவிட்டு வந்தவர். காலையில் தன் பிளாஸ்கிலிருந்து பிளேன்டீ ஊற்றி, சீனி போட்டு, அக்காவின் கையில் கிளாஸைப் பிடிக்கவைப்பார். பிறகு பின்னால் இருந்துகொண்டு, உப்பும் மண்ணும் பிடித்துச் சடை விழுந்திருந்த தலைமயிரை ஒவ்வொரு பிடியாக எடுத்து, நுனியிலிருந்து மேலே, நோகாமல் சிக்கெடுப்பார். ஒரு மணித்தியாலம் பிடிக்கும். ஏன் நடந்தது என்று அவர் ஒருநாளும் சொல்லவில்லை. மூன்றாம் நாள் பின்னல் போட்டு முடித்துவிட்டு, "சின்னவனுக்கு என்ன சாப்பாடு விருப்பம்?" என்று கேட்டார். அன்றைக்குத்தான் அக்கா பேசினார். புட்டும் முட்டைப்பொரியலும் என்று தொடங்கி, மத்தியானம் வரை பேசினார்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியைக்குக் கடற்கரையிலிருந்து உள்ளே இருக்கும் கன்னியா வெந்நீர்க் கிணறுகளுக்குப் போனோம். சின்னப் பிள்ளைக்கு அது தேவையில்லை என்று சிலர் சொன்னார்கள். அக்கா கேட்கவில்லை. ஏழு கிணறு, ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு சூடு. இராவணன் தன் தாய்க்குக் கடன் செய்வதற்காக உண்டானவை என்பது கதை. அந்தக் கதையை அன்றைக்கு வேறு மாதிரி யோசித்தேன். இராவணனின் தாய் என்ன பாவத்தால் செத்தாள் என்று ஒருவரும் அதில் கேட்கவில்லை. தாய் போய்விட்டாள், பிள்ளைக்குத் தண்ணீர் வேண்டும், தண்ணீர் வந்தது. அக்கா ஏழு கிணற்றிலும் ஒவ்வொரு வாளியாக அள்ளித் தலையில் ஊற்றினார். கண்ணீரும் வெந்நீரும் ஒன்றாக வழிந்தது. இப்படிக் கையைப் பிடித்துக் கூட்டிப்போகிற சமயத்தை விட்டு நான் எங்கே போவேன்?

2012 ஏப்ரல் 11. புதுவருடத்துக்கு இரண்டு நாள் இருந்தது. அக்கா வீட்டில் பலகாரம் சுட்டுக்கொண்டிருந்தார்கள். முறுக்கு உரலில் மா, அடுப்பில் எண்ணெய். இரண்டு மணி தாண்டிய நேரம் சுமத்ராப் பக்கம் 8.6 அளவில் நிலம் ஆடியது. எங்களுக்கும் லேசாக நடுக்கம் தெரிந்தது. கொஞ்ச நேரத்தில் தொலைபேசியில், றேடியோவில், பிறகு வீதியில் ஒலிபெருக்கியில்: கரையோரத்தில் இருப்பவர்கள் உள்ளே போங்கள். அக்கா அடுப்பை நிறுத்தினார். மகளைத் தூக்கி என் மோட்டார் சைக்கிளில் ஏற்றவில்லை. முதலில் ஒழுங்கைக்குள் இறங்கி வீடு வீடாகத் தட்டினார். யாருடைய பிள்ளை எங்கே என்று பெயர் சொல்லிக் கேட்டார். பதினொரு பிள்ளைகளை எண்ணி, லான்ட்மாஸ்டர் என்கிற சின்ன உழவு இயந்திரத்தின் பெட்டியில் ஏற்றி, தானும் ஏறி நின்றார். நான் பின்னால் போனேன். உள்ளே மேட்டுப் பக்கம் ஒரு வேப்பமரத்தடியில் எல்லோரையும் இறக்கித் திரும்பவும் எண்ணினார். பதினொன்று.

அலை வரவில்லை. இந்தமுறை தட்டுகள் பக்கவாட்டில் உரசியதால் கடலடி பெரிதாக எழும்பவில்லை என்று பிறகு சொன்னார்கள். இருட்டுகிற நேரம் எச்சரிக்கையை எடுத்துவிட்டார்கள். சனம் எழும்பிப் போகத் தொடங்கியது. அக்கா எழும்பவில்லை. மகள் அவருடைய மடியில் நித்திரை. கன்னத்துப் பொட்டு வியர்வையில் கரைந்து கழுத்துவரை வழிந்திருந்தது. அக்கா அதைச் சேலைத் தலைப்பால் துடைத்துவிட்டார்.

"தம்பி, அங்க எத்தினை மணிக்கு ஆடினது?"

"ரெண்டு மணி கழிஞ்சு கொஞ்ச நேரத்தில."

"அலை வந்திருந்தா எத்தினை மணிக்கு வந்திருக்கும்?"

"நாலு மணிக்குப் பிறகு."

விரலை மடித்து எண்ணினார். பிறகு என்னைப் பார்க்காமல் கேட்டார்: "அண்டைக்கும் ரெண்டு மணித்தியாலம் இருந்ததா?"

"ஓம் அக்கா. இருந்தது."

கன நேரம் ஒன்றும் பேசவில்லை. மகளின் தலைமயிரைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கிவிட்டுக்கொண்டிருந்தார்.

"ரெண்டு மணித்தியாலத்தில நான் அவனைத் தூக்கிக்கொண்டு கன்னியா மட்டும் நடந்தே போயிருப்பன்" என்றார்.